ரிக் பார்ஃபிட்: ரிதம் கிட்டாரைக் கேட்கவும் வாசிக்கவும் தொடங்குவோருக்கு

கிட்டார் வாங்கும் பெரும்பாலோருக்கு மனதில் ஒரே ஆசைதான். என்றாவது ஒருநாள் கழுத்தின் மேல்பகுதியில் விரல்களை ஓடவிட்டு ஒரு சோலோ (தனித்து முன்னே ஒலிக்கும் வாசிப்பு) வாசிக்க வேண்டும். ஆசையில் தவறில்லை. ஆனால் ஒரு ராக் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டால், சோலோ இருபது முப்பது நொடியில் முடிந்துவிடும். மீதி நேரம் முழுக்கப் பாட்டைத் தாங்கிக்கொண்டிருப்பவர் இன்னொருவர், ரிதம் கிட்டார் வாசிப்பவர். பெரும்பாலும் அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட ஒருவரை முன்னிட்டு ரிதம் கிட்டாரைக் கேட்கவும், முடிந்தால் வாசிக்கவும் கற்றுக்கொள்வதற்கான வழிகாட்டி இது. அவர் ரிக் பார்ஃபிட். ஸ்டேட்டஸ் குவோ என்ற ஆங்கில ராக் குழுவில் 1967 முதல் 2016 வரை ரிதம் கிட்டார் வாசித்தவர், பாடியவர், பாட்டு எழுதியவர். பிரிட்டனில் இந்தக் குழுவின் 60-க்கும் மேற்பட்ட பாட்டுகள் விற்பனைப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. அமெரிக்காவிலோ ஒரே ஒரு பாட்டுதான் முதல் 40-க்குள் போனது. பீட்டில்ஸ், க்வீன், பிங்க் ஃபிளாய்ட் ரசிகர்கள் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்படாததற்கு அதுவும் ஒரு காரணம்.

புதிதாக வருகிறவருக்கு ஏன் இவர்? இவர் வாசித்ததில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் பிடிகள்) எளியவை, ஒரு வாரத்தில் விரல்களுக்குப் பழகிவிடும். அவரைப் போல வாசிப்பதுதான் வருடக்கணக்கில் பிடிக்கும். ரிதம் கிட்டார் என்பது எது என்று அந்த இடைவெளியில்தான் புரிய ஆரம்பிக்கும்.

முதல் படி: ஆள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரிச்சர்ட் ஜான் பார்ஃபிட் 1948 அக்டோபர் 12 அன்று இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் உள்ள வோக்கிங் என்ற ஊரில் பிறந்தார். அப்பா இன்சூரன்ஸ் விற்பவர், அம்மா கேக் கடைகளில் வேலை பார்த்தவர். பதினொரு வயதில் கிட்டாரைக் கையில் எடுத்தார். பதினைந்து வயதுக்குள் லண்டன் மதுக்கடைகளில் பாடவும் வாசிக்கவும் தொடங்கிவிட்டார்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் நடுத்தர, உழைக்கும் குடும்பங்கள் கோடை விடுமுறைக்குக் கடலோர விடுமுறை முகாம்களுக்குப் போவது வழக்கம். தங்குமிடம், சாப்பாடு, மாலையில் ஆட்டம் பாட்டம் எல்லாம் ஒரே இடத்தில். ஹேலிங் தீவில் இருந்த அப்படியொரு முகாமில்தான் பார்ஃபிட்டுக்கு முதல் வேலை கிடைத்தது. அங்கே பாடிக்கொண்டிருந்த ஜீன், குளோரியா ஹாரிசன் என்ற இரட்டைச் சகோதரிகளோடு சேர்ந்து 'த ஹைலைட்ஸ்' என்ற மூவர் குழுவானார். குடும்பங்களின் முன்னால் சிரித்த முகத்தோடு மெல்லிசை பாடும் வேலை.

1965-இல் மைன்ஹெட் ஊரில் இருந்த பட்லின்ஸ் முகாமில் இந்த மூவரும் பாட, அதே முகாமில் 'த ஸ்பெக்டர்ஸ்' என்ற ராக் குழுவும் வாசித்துக்கொண்டிருந்தது. அதில் இருந்தவர் ஃபிரான்சிஸ் ரோஸி. அவரும் பாஸ் கிட்டார் வாசித்த ஆலன் லங்காஸ்டரும் தெற்கு லண்டன் கேட்ஃபோர்டில் ஒரே பள்ளியில் படித்தவர்கள், 1962-இல் குழுவைத் தொடங்கியவர்கள். டிரம்ஸில் ஜான் காக்லன். ரோஸியும் பார்ஃபிட்டும் உடனே ஒட்டிக்கொண்டார்கள். 1967-இல் பார்ஃபிட் குழுவில் சேர்ந்தார். குழு அதற்குச் சற்று முன்புதான் 'டிராஃபிக் ஜாம்' என்று பெயரை மாற்றியிருந்தது. டிராஃபிக் என்ற பெயரில் வேறொரு பிரபலமான குழு இருந்ததால் அதையும் விட்டு அதே ஆண்டில் ஸ்டேட்டஸ் குவோ ஆனது.

முகாம் காலத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். முன்வரிசையில் குழந்தைகளும் பாட்டிமார்களும் உட்கார்ந்திருக்கும் அரங்கில் தினமும் பாடியவருக்குத் தாளம் தளர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும். பிற்காலத்தில் எவ்வளவு சத்தமாக வாசித்தாலும் ஆடவந்தவர்களின் காலை அவர் மறந்ததே இல்லை.

இரண்டாம் படி: 1968-இல் தொடங்காதீர்கள்

காலவரிசைப்படி கேட்கலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். இந்தக் குழுவுக்கு அது சரிவராது. முதல் வெற்றியான 'பிக்சர்ஸ் ஆஃப் மேட்ச்ஸ்டிக் மென்' ரோஸி எழுதியது. 1968-இல் பிரிட்டனில் 7-ஆம் இடம், அமெரிக்காவில் 12-ஆம் இடம் பிடித்தது. முன்பு சொன்ன அந்த ஒரே அமெரிக்க வெற்றி இதுதான். நல்ல பாட்டுதான், ஆனால் அந்த ஆண்டின் சைக்கடெலிக் பாணிக்காக (கனவுமயமான ஒலிகளும் வண்ணங்களும் கொண்ட அன்றைய மோஸ்தர்) தைத்த சட்டை. பூப்போட்ட உடைகளோடு மேடையேறிய அந்தப் பையன்களுக்குத் தங்கள் சொந்தக் குரல் இன்னும் கிடைத்திருக்கவில்லை.

அது 1970-இல் கிடைக்க ஆரம்பித்தது. ஜெர்மனியில் ஒரு இரவு விடுதியில் த டோர்ஸ் குழுவின் 'ரோட்ஹவுஸ் புளூஸ்' பாட்டுக்கு மக்கள் ஆடுவதைப் பார்த்ததுதான் திருப்பம் என்று ரோஸி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பட்டுச் சட்டைகள் போய் ஜீன்ஸும் டி-சட்டையும் வந்தன. முடி நீண்டது. பாட்டுகளில் அலங்காரம் உதிர்ந்து, உருளும் பூகி தாளம் மட்டும் மிஞ்சியது. பணமும் புகழும் தந்த பாணியை விட்டுவிட்டுச் சின்னச் சின்ன அரங்குகளில் திரும்பத் தொடங்கிய அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆகவே நீங்கள் தொடங்க வேண்டிய இடம் 1972-இல் வெர்டிகோ நிறுவனம் வெளியிட்ட 'பைல்டிரைவர்' ஆல்பம். அதன் அட்டையைக் கொஞ்சநேரம் பாருங்கள். மூன்று கிட்டார்காரர்கள் தலையைக் குனிந்து, முடி முகத்தை மறைக்க, வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் முகமும் தெரியாது. யார் சோலோ, யார் ரிதம் என்று அட்டை சொல்வதில்லை. குழு எப்படி வேலை செய்தது என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் இந்த வரிசையில் போங்கள். 'பைல்டிரைவர்' ஆல்பத்தில் 'பேப்பர் பிளேன்', 'பிக் ஃபேட் மாமா'. 1973-இன் 'ஹலோ!' ஆல்பத்தில் 'கரோலைன்'. குழுவின் முதல் நம்பர் ஒன் ஆல்பம் அதுதான். 1975 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்த 'டவுன் டவுன்'. ஒற்றைப் பாட்டாக அவர்களுக்கு முதலிடம் தந்தது இது ஒன்றுதான். பிறகு 1976-இன் 'ரெயின்', 1979-இன் 'வாட்டெவர் யூ வான்ட்'. ஆறு பாட்டுகள் போதும், முதல் வாரத்துக்கு.

இந்த ஆறில் 'ரெயின்' பார்ஃபிட் தனியாக எழுதிப் பாடியது. 'வாட்டெவர் யூ வான்ட்' அவரும் கீபோர்டு வாசித்த ஆண்டி பவுனும் சேர்ந்து எழுதியது. அதிலும் பாடுவது பார்ஃபிட்தான். ரோஸியின் குரல் சற்று மூக்கொலியோடு துள்ளும். பார்ஃபிட்டின் குரல் கரகரப்பானது, தொண்டையின் அடியிலிருந்து வருவது. இரண்டு குரலையும் பிரித்தறியப் பழகினால் இரண்டு கிட்டாரையும் பிரித்தறிவது சுலபமாகிவிடும்.

மூன்றாம் படி: ஒரே பாட்டை மூன்று தடவை

'ரெயின்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோன் வேண்டும். போன் ஸ்பீக்கரில் இந்த வேலை நடக்காது, அடித்தள ஒலிகள் எல்லாம் காணாமல் போய்விடும்.

முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை பாடலையும் டிரம்ஸையும் மனதால் ஒதுக்கிவிட்டு, மாறாமல் ஓடிக்கொண்டே இருக்கும் கிட்டாரை மட்டும் பிடியுங்கள். சோலோ வரும்போது காது தானாக அந்தப் பக்கம் ஓடும். விடாதீர்கள். சோலோவின் அடியில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள், பார்ஃபிட் அங்கேதான் இருக்கிறார். மூன்றாம் தடவை அந்த ரிதம் கிட்டாரோடு சேர்ந்து தொடையில் தட்டுங்கள். எங்கே அழுத்தி அடிக்கிறார், எங்கே கையைக் கம்பியின்மேல் வைத்து ஒலியை அடக்குகிறார், எங்கே திறந்துவிடுகிறார் என்று கை மூலமாகத் தெரிந்துவிடும்.

இதைச் செய்தவர்களுக்கு ஒன்று புலப்படும். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும்போது கார்டு மாறாமலே வேகம் கூடியது போலத் தோன்றும். உண்மையில் வேகம் கூடவில்லை, அடியின் கனம்தான் கூடியிருக்கிறது. மூன்று கார்டு குழு என்று பத்திரிகைகள் இவர்களைப் பல ஆண்டுகள் கிண்டல் செய்தன. 2007-இல் இவர்களே 'நான்காவது கார்டைத் தேடி' என்ற பொருளில் ஓர் ஆல்பத்துக்குப் பெயர் வைத்தார்கள். கிண்டல் செய்தவர்கள் இடது கையை மட்டும் எண்ணினார்கள். வித்தை முழுக்க வலது கையில் இருந்தது.

நான்காம் படி: நடையைப் பிடியுங்கள்

பூகி, ஷஃபிள் என்று ராக் உலகம் சொல்லும் நடையைப் பிடிக்கத் தமிழ் வாசகருக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. கர்நாடக இசை கொஞ்சம் கேட்டிருந்தாலும், தவில் சத்தத்தில் வளர்ந்திருந்தாலும் மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடை உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கும்.

ஒவ்வோர் அடியையும் 'தகிட' என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள்: தகிட, தகிட, தகிட, தகிட. நான்கு அடி, ஒரு சுற்று. இப்போது நடுவில் உள்ள 'கி'யை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுங்கள், அதன் நேரத்தை மட்டும் விட்டுவையுங்கள்: த-ட, த-ட, த-ட, த-ட. ஷஃபிள் இதுதான். முதல் ஒலி நீளம், இரண்டாவது குட்டை. நொண்டுவது போலவும் உருள்வது போலவும் வரும் அந்த அசைவு முழுவதும் விழுங்கிய 'கி'யில் இருக்கிறது. அதைச் சரியான நேரம் காக்காமல் அவசரப்பட்டால் நடை தட்டையாகிவிடும்.

ஸ்டேட்டஸ் குவோவின் எல்லாப் பாட்டும் ஷஃபிள் அல்ல. 1977-இல் வெளிவந்த 'ராக்கிங் ஆல் ஓவர் த வேர்ல்ட்' நேர் நடை. ஒவ்வோர் அடியும் சரிபாதியாகப் பிரியும், 'தக தக' என்று சொல்லிப் பாருங்கள், ஒட்டும். (இது அவர்கள் எழுதிய பாட்டு அல்ல, அமெரிக்கரான ஜான் ஃபோகர்ட்டி எழுதியது. ஆனால் இவர்கள் வாசித்துப் பிரிட்டனில் 3-ஆம் இடம் பிடித்த பிறகு உலகம் இதை இவர்கள் பாட்டாகவே நினைக்கிறது.) 1974-இன் 'பிரேக் த ரூல்ஸ்' பாட்டைப் போட்டு 'தகிட' சொல்லிப் பாருங்கள், அது அங்கே ஒட்டும். புதிதாக எந்தப் பாட்டைக் கேட்டாலும் கிட்டாரைத் தொடும் முன் இந்தச் சோதனையை வாயால் செய்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: கிட்டாரை எடுங்கள்

மின்சாரக் கிட்டார் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அக்குஸ்டிக் கிட்டாரிலும் இதைப் பழகலாம். சுருதி வழக்கமானது, மேலிருந்து கீழாக இ, ஏ, டி, ஜி, பி, இ. தடித்த கம்பியை ஆறாவது என்று எண்ணுகிறேன்.

முதலில் ஏ. ஐந்தாவது கம்பியை எந்த விரலும் வைக்காமல் திறந்தபடி விடுங்கள். நான்காவது கம்பியில் இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டம்) ஆள்காட்டி விரல். இந்த இரண்டு கம்பியை மட்டும் சேர்த்து அடியுங்கள். மற்ற கம்பிகள் ஒலிக்கவே கூடாது. இதுதான் பவர் கார்டு. இப்போது ஆள்காட்டி விரலை எடுக்காமலே மோதிர விரலை அதே நான்காவது கம்பியில் நான்காம் ஃப்ரெட்டில் வைத்து அடியுங்கள். ஒலி மேலே ஏறும். முதலடிக்கு இரண்டாம் ஃப்ரெட், இரண்டாம் அடிக்கு நான்காம் ஃப்ரெட், மறுபடி இரண்டு, மறுபடி நான்கு. ஒவ்வோர் அடியிலும் 'த-ட' என்று இரண்டு தட்டு.

டி-க்கு இதே வடிவத்தை ஒரு கம்பி கீழே இறக்குங்கள்: நான்காவது கம்பி திறந்தபடி, விரல்கள் மூன்றாவது கம்பியில். இ-க்கு ஒரு கம்பி மேலே: ஆறாவது திறந்தபடி, விரல்கள் ஐந்தாவதில். ஒரே வடிவம், மூன்று இடம்.

இப்போது பன்னிரண்டு பார் சுற்று. பார் என்றால் நான்கு அடி கொண்ட ஓர் அளவு. ஏ நான்கு பார், டி இரண்டு, ஏ இரண்டு, இ ஒன்று, டி ஒன்று, ஏ ஒன்று, கடைசியாக இ ஒன்று, மறுபடி முதலிலிருந்து. புளூஸ் இசையிலிருந்து ராக் எடுத்துக்கொண்ட அடித்தளம் இந்தச் சுற்றுதான். ராக் அண்ட் ரோல் முன்னோடி சக் பெர்ரியிலிருந்து ஸ்டேட்டஸ் குவோ வரை நூற்றுக்கணக்கான பாட்டுகள் இதன்மேல் நிற்கின்றன.

வலது கைக்கு வருவோம், நேரத்தை இங்கே செலவிடுங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியை, சுண்டுவிரல் பக்கம், கம்பிகள் பிரிட்ஜை (உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) தொடும் இடத்தில் லேசாக வையுங்கள். ரொம்ப முன்னே வைத்தால் ஒலி செத்துப்போகும். பின்னே போனால் அடங்காது. அரை அங்குலத்துக்குள் ஓர் இடம் இருக்கிறது, அங்கே வைத்தால் கம்பி 'தும்' என்று கனமாகவும் தெளிவாகவும் பேசும். உங்கள் கிட்டாரில் அந்த இடத்தை நீங்களேதான் தேட வேண்டும். பழகும் வேகத்தில் எல்லாத் தட்டும் கீழ்நோக்கியே இருக்கட்டும். மேல்நோக்கி அடித்தால் கை இளைப்பாறும், ஆனால் கனம் போய்விடும்.

மெட்ரோனோமை (சீரான அடி காட்டும் கருவி) நிமிடத்துக்கு 70 அடியில் வையுங்கள். ஐந்து நிமிடம் நிற்காமல், தப்பினாலும் நிறுத்தாமல் வாசியுங்கள். முதல் நாளில் இரண்டாவது நிமிடத்திலேயே முன்கை இறுகும். இறுகினால் பிக்கை (கம்பியை அடிக்கும் சிறு தகடு) அழுத்திப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம், தளர்த்துங்கள். மணிக்கட்டில் வலி வந்தால் அன்றைக்குப் போதும். வலியோடு வாசித்துப் பழகுவது வீரமல்ல. ஐந்து நிமிடமும் சீராக வந்த பிறகுதான் வேகத்தை நான்கு நான்காகக் கூட்ட வேண்டும்.

இது கைவந்ததும் ஒரு பாரை அடக்கியும் அடுத்ததைத் திறந்தும் வாசித்துப் பாருங்கள். பிறகு எட்டு பார் மென்மையாக, நான்கு பார் பலமாக. கார்டு ஒன்றும் மாறவில்லை, ஆனால் பாட்டு மூச்சு விட ஆரம்பித்திருக்கும். 'ரெயின்' கேட்டபோது கனம் கூடியதாகத் தோன்றியது இப்படித்தான் உண்டானது.

கடைசியாக, திறந்த கம்பி இல்லாத வடிவம். ஆறாவது கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், ஐந்தாவது கம்பியில் ஏழாம் ஃப்ரெட்டில் மோதிர விரல். சுண்டுவிரல் ஒன்பதாம் ஃப்ரெட்டுக்கு எட்ட வேண்டும். முதலில் எட்டாது. சில வாரம் கொடுங்கள். இந்த வடிவம் வந்துவிட்டால் கழுத்தில் எங்கே நகர்த்தினாலும் அதே பூகி எந்தச் சுருதியிலும் கிடைக்கும்.

ஆறாம் படி: கருவி

பார்ஃபிட்டின் அடையாளக் கிட்டார் வெள்ளை நிற ஃபெண்டர் டெலிகாஸ்டர், 1965-இல் செய்யப்பட்டது. பக்கத்தில் நின்ற ரோஸியிடம் பச்சை டெலிகாஸ்டர். பின்னால் மார்ஷல் ஆம்ப்கள் (ஒலிபெருக்கிகள்). டெலிகாஸ்டரில் ஒலி கூர்மையாக வெட்டும், ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்கும். அதனால் பிழையும் தனியாகக் கேட்கும். ஆம்பில் கெயின் (ஒலியைக் கரகரப்பாக்கும் திருகு) கூட்டி மறைக்க நினைக்காதீர்கள். இவர்கள் ஒலி நீங்கள் நினைப்பதைவிடச் சுத்தமானது, சத்தம்தான் அதிகம்.

பார்ஃபிட் மிகத் தடித்த கம்பிகளைப் போட்டு வாசித்தார். அவ்வளவு பலமாக அடித்தாலும் சுருதி ஆடாமல் நிற்க அது உதவியது. தொடங்குகிறவர்கள் அதைப் பின்பற்ற வேண்டாம், மெல்லிய 10 அளவுக் கம்பி போதும். முதல் ஆறு மாதம் விரல்களுக்குத் தண்டனை தருவதால் ரிதம் வந்துவிடாது.

ஏழாம் படி: மேடையில் கேளுங்கள்

ஸ்டுடியோ பாட்டுகள் பழகிய பிறகு 1977-இல் வந்த 'லைவ்!' இரட்டை ஆல்பத்தை எடுங்கள். 1976 அக்டோபரில் கிளாஸ்கோவின் அப்போலோ அரங்கில் பதிவானது. ரசிகர்கள் குதித்தால் பால்கனியே ஆடும் என்று பெயர் வாங்கிய அரங்கு அது. அந்த நால்வர், ரோஸி, பார்ஃபிட், லங்காஸ்டர், காக்லன், தங்கள் உச்சத்தில் இருந்த நேரம்.

இதில் 'ஃபார்ட்டி-ஃபைவ் ஹன்ட்ரட் டைம்ஸ்' என்ற பாட்டைக் கேளுங்கள். ரோஸியும் பார்ஃபிட்டும் சேர்ந்து எழுதியது, கால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும். மெதுவாக, கிட்டத்தட்ட மென்மையாகத் தொடங்கும். பிறகு பாடல் வரிகள் தீர்ந்துபோய் வெறும் தாளம் மட்டும் மிஞ்சும். இறங்கும், அடங்கும், மறுபடி எழும். இவ்வளவு நேரமும் ரிதம் கிட்டார் விலகவே இல்லை. ஐந்து நிமிடம் மெட்ரோனோமோடு போராடியவருக்கு மட்டும்தான் இந்தப் பதினாறு நிமிடத்தின் அருமை தெரியும். ஸ்டேட்டஸ் குவோவிலிருந்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன்.

காட்சியாகப் பார்க்க வேண்டுமானால் 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானம். எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியைத் தொடங்கிவைத்தது இந்தக் குழுதான். நண்பகலில், முதல் பாட்டு 'ராக்கிங் ஆல் ஓவர் த வேர்ல்ட்'. அதற்கு முந்தைய ஆண்டு மில்டன் கீன்ஸில் பிரியாவிடைக் கச்சேரி நடத்தி முடித்திருந்தார்கள். காக்லன் 1980-களின் தொடக்கத்திலேயே விலகிவிட்டார். லங்காஸ்டரும் ரோஸியும் பேசாத நிலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் அந்த மேடையில் தெரியாது. பார்ஃபிட்டின் கால்களைப் பாருங்கள். அகட்டி நின்று, முழங்கையிலிருந்து கையை வீசி, முழு உடம்பாலும் தாளம் போடுகிறார்.

எட்டாம் படி: பிற்காலத்தைத் தேர்ந்து கேளுங்கள்

1980-களின் நடுவிலிருந்து குழு வேறு வழியில் போனது. 1986-இல் 'இன் த ஆர்மி நவ்' பிரிட்டனில் 2-ஆம் இடம் பிடித்தது, 1990-இல் பழைய ராக் அண்ட் ரோல் பாட்டுகளைக் கோத்த 'த ஆனிவர்சரி வால்ட்ஸ்' அதே இடம் பிடித்தது. வெற்றிகள்தான், ஆனால் ரிதம் கிட்டார் கற்க வந்தவருக்கு அங்கே கிடைப்பது குறைவு. 1991 செப்டம்பரில் ஷெஃபீல்ட், கிளாஸ்கோ, பர்மிங்ஹாம், லண்டன் என்று நான்கு நகரங்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நான்கு கச்சேரி நடத்தியதுதான் அந்தக் காலத்தில் எனக்குப் பிடித்த சேதி. வலது கை எவ்வளவு தாங்கும் என்பதற்கு அது சாட்சி.

மேடைக்கு வெளியே அவர் வாழ்க்கை கடினமானது. 1980-இல் இரண்டு வயது மகள் ஹைடி வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தாள். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளின் மதுவையும் போதைப் பொருளையும் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 1997-இல் இதயத்தில் நான்கு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. சில மாதங்களில் மேடைக்குத் திரும்பினார். 2010-இல் அவருக்கும் ரோஸிக்கும் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருது கிடைத்தது.

இந்தக் காலத்திலிருந்து தவறவிடக் கூடாதது, 2013-இலும் 2014-இலும் பழைய நால்வரும் மறுபடி சேர்ந்து நடத்திய கச்சேரிகள். மனக்கசப்போடு பிரிந்து ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்துச் சேர்ந்தார்கள், கடைசியாக டப்ளினில் வாசித்தார்கள். வயதாகிவிட்டது, குரல் தளர்ந்துவிட்டது. ஆனாலும் நால்வரும் ஒன்றாக இறங்கி அடிக்கும்போது வரும் அந்தக் கனத்தை 1977-இன் ஆல்பத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். அந்த 2014-லேயே குழு பழைய பாட்டுகளை மின்சாரம் இல்லாமல் வாசித்து 'அக்குவஸ்டிக்' என்ற ஆல்பமும் வெளியிட்டது. அக்குஸ்டிக் கிட்டார் மட்டும் வைத்திருப்பவர்கள் அதையும் கேட்கலாம், கார்டு மாற்றங்கள் துல்லியமாகக் கேட்கும்.

2016 ஜூனில் துருக்கியின் அன்டல்யாவில் கச்சேரி முடிந்த பிறகு அவருக்குப் பெரிய மாரடைப்பு வந்தது. பிழைத்தார், ஆனால் குழுவோடு இனி ஊர் ஊராகப் போக முடியாது என்று ஆனது. தனி ஆல்பம் ஒன்றுக்கான வேலையில் இருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று ஸ்பெயினின் மார்பெல்லாவில், தோள்பட்டைக் காயத்தைத் தொடர்ந்து வந்த கடும் நோய்த்தொற்றால் இறந்தார். வயது 68. இறுதிச் சடங்கு வோக்கிங்கில் நடந்தது. பாதியில் நின்ற அந்தப் பதிவுகளை நண்பர்கள் முடித்து 2018-இல் 'ஓவர் அண்ட் அவுட்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். க்வீன் குழுவின் பிரையன் மே, பழைய தோழர் லங்காஸ்டர் போன்றோர் அதில் வாசித்திருக்கிறார்கள். இதைத் தொடக்கத்தில் கேட்காதீர்கள். மற்ற எல்லாம் கேட்ட பிறகு கேளுங்கள், குரல் யாருடையது என்று தெரிந்து கேட்க வேண்டிய ஆல்பம் அது.

ஒன்பதாம் படி: அடுத்து யார்

பார்ஃபிட்டின் பூகி கைக்கு வந்துவிட்டால் மால்கம் யங்கிடம் போங்கள். கிளாஸ்கோவில் பிறந்து சிறுவயதில் ஆஸ்திரேலியா போனவர், ஏசி/டிசி குழுவின் ரிதம் கிட்டாரிஸ்டாக இருந்தவர். இவர் அடிகளுக்கு நடுவே விடும் மௌனத்தைக் கவனியுங்கள். பார்ஃபிட் இடைவெளியை நிரப்புவார், யங் இடைவெளியை வைத்தே வாசிப்பார். அதற்குப் பிறகு டாக்டர் ஃபீல்குட் குழுவின் வில்கோ ஜான்சன். பிக் இல்லாமல் வெறும் விரல்களால் ரிதமும் லீடும் (முன்னணி மெட்டு) ஒரே கையில் வாசித்தவர். எஸ்ஸெக்ஸ் கடலோரத்தின் கேன்வி தீவுக்காரர், அவரும் டெலிகாஸ்டர் ஆள்தான்.

மூவரையும் ஒரே பயிற்சியில் வைத்துப் பாருங்கள்: அதே ஏ, டி, இ சுற்று, முதல் பன்னிரண்டு பார் பார்ஃபிட்டைப் போல நிரப்பி, அடுத்த பன்னிரண்டு யங்கைப் போல இடம் விட்டு, அதற்கடுத்தது பிக்கைக் கீழே வைத்துவிட்டு விரலால். மெட்ரோனோம் மறுபடியும் 70-இலிருந்து.